இனாம் என்று எழுதப்பட்ட நாற்காலி

வைட்லி மாளிகைக்குச் சொந்தக்காரரும், டன்ஸ்லோ ஊரின் பார்லிமெண்ட் உறுப்பினருமான சர் எவரார்ட் பென்டல், தச்சன் எனோக் ராட்லிக்கு எட்டுப் பவுன் பதினைந்து ஷில்லிங் கடன்பட்டிருந்தார். ஒரு நாற்காலிக்கான கூலி அது. பதினைந்து வருஷத்துக்கு நாலு மாதம் குறைவாக அந்தக் கடன் அப்படியே நின்றது.

படித்த மனிதர்கள் சர் எவரார்டின் கதையை எழுதியாகிவிட்டது. தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகையே பதித்திருக்கிறார்கள். எந்தத் தேர்தலில் ஜெயித்தார், எந்தச் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார் என்று எல்லாம் அதில் உண்டு. எனோக்கின் பெயர் மட்டும் இல்லை. எனக்கும் எனோக்கைப் போலப் பள்ளிக்கூடம் மூன்று குளிர்காலம்தான். ஆனாலும் டன்ஸ்லோவில் இன்று நிற்கிற சுவர்களில் பாதி என் சூளைச் செங்கல். ஒன்றுகூடச் சரிந்ததில்லை. சுவரை நேராக எழுப்பத் தெரிந்தவனுக்கு ஒரு மனிதனின் கதையை நேராகச் சொல்லத் தெரியாதா என்ன?

எனோக், வேலி வெட்டும் கூலிக்காரனின் ஏழாவது பிள்ளை. ஒன்பது வயதில் வண்டிப் பட்டறையில் சேர்ந்தான். முப்பது வயதில் காசில் தெருவில் சொந்தப் பட்டறை போட்டான். எவனும் அவனுக்கு ஒரு பலகை இனாமாகக் கொடுத்ததில்லை. அவனும் எவனுக்கும் கொடுத்ததில்லை. ஊரில் பிறந்தவனுக்குத் தொட்டில், போனவனுக்குப் பெட்டி, நடுவில் வண்டியும் வாசல் கதவும் என்று எல்லாம் அவன் கையால்தான் நடந்தது. எல்லாவற்றுக்கும் பில் உண்டு.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில் புதுச் சட்டம் வந்தது. வருஷ வாடகை பத்துப் பவுன் பெறுகிற இடம் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு ஓட்டு உண்டு என்றார்கள். மதிப்புப் போட வந்த அதிகாரி எனோக்கின் வீட்டையும் பட்டறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பது பவுன் பத்து ஷில்லிங் என்று எழுதினார். ஓட்டுக்கு அரைப் பவுன் குறைவு. வேறு எவனாக இருந்தாலும் வரி குறைந்தது, பிழைத்தோம் என்று கதவைச் சாத்தியிருப்பான். எனோக் மூன்று வாரம் ராப்பகலாக உழைத்துப் பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டான். பிறகு அதிகாரியைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இப்ப எழுதுங்க" என்றான். பத்துப் பவுன் ஆயிற்று.

அவன் மனைவி டாமரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா, வரியைக் கூட்டிப் போடுன்னு அதிகாரி பின்னாடி ஓடின மனுஷன் இந்த ராஜ்ஜியத்திலேயே நீ ஒருத்தன்தான்யா!"

"எங்கப்பன் வேலி வெட்டினான். அவனுக்கு அப்பனும் வேலிதான் வெட்டினான். ஒரு ராட்லிகிட்டகூட எவனும் ‘உனக்கு யாரு வேணும்’னு கேட்டதில்ல. இப்ப கேக்கப் போறாங்க. அரைப் பவுனுக்காக நான் வீட்டுல உக்காந்திருக்கவா?"

"கேட்டா ரொட்டி வந்துருமா?"

"வராது. கேக்கட்டுமே."

அந்த டிசம்பரில்தான் தேர்தல். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, எட்டுப் பேர் தோளில் தூக்கிச் சந்தைத் திடலை மூன்று முறை சுற்றுவார்கள். மூன்றாவது சுற்று முடிந்து அவர் இறங்கியதும் கூட்டம் பாய்ந்து நாற்காலியை உடைக்கும். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போவார்கள். சர் எவரார்டின் வக்கீலும் காரியக்காரருமான டிப்பெட், ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பே பட்டறைக்கு வந்து நாற்காலி சொல்லிவிட்டுப் போனார்.

"ஜெயிச்சா ஊர்வலம், தோத்தா அடுப்பு. எப்படியும் காசு உனக்கு, ராட்லி."

எனோக் ஓக் மரத்தில் சட்டம் போட்டான். தூக்குகிற கழிகளுக்கு, வளைந்தாலும் முறியாத ஆஷ் மரமாகப் பார்த்து எடுத்தான். தேர்தலில் துரையின் கட்சி நிறம் ஊதாவும் ஆரஞ்சும் என்பதால் அந்த நிற நாடாக்களை டாமரிஸ் சுற்றிக் கொடுத்தாள். ஐந்து நாள் வேலை.

ஓட்டு இரண்டு நாள் நடந்தது. மேடையேறி, ஊர் கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். குமாஸ்தா புத்தகத்தில் எழுதுவார். அந்தப் புத்தகத்தைப் பிறகு அச்சடித்தும் விற்பார்கள், எவன் யாருக்குப் போட்டான் என்று. இரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு எனோக் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினான். "சர் எவரார்ட் பென்டல்!" என்று அவன் போட்ட சத்தத்தில், கீழே நின்ற பால்காரன் குதிரை இரண்டு அடி பின்வாங்கியது.

நான்கு மணிக்கு எண்ணி முடித்தார்கள். சர் எவரார்டுக்கு நூற்று நாற்பத்து மூன்று, எதிராளிக்கு நூற்று நாற்பத்திரண்டு.

ஊர்வலம் முடிந்ததும் வழக்கம்போலக் கூட்டம் நாற்காலி மேல் விழுந்தது. நாற்காலி அசையவில்லை. உதைத்துப் பார்த்தார்கள், தொங்கிப் பார்த்தார்கள். கடைசியில் கசாப்புக்கடைக்காரன் நாத்தன் கோல் ஓடிப்போய்க் கோடரி கொண்டுவர வேண்டியதாயிற்று. எனோக் ஓரமாக நின்று கோடரி வீச்சுகளை எண்ணினான். பதினேழு. அந்தக் கணக்கைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பில்லை எடுத்துக்கொண்டு டிப்பெட் அலுவலகத்துக்குப் போனான். டிப்பெட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ராட்லி, நீ ஓட்டுப் போட்டல்ல?"

"ஊரே கேட்டுச்சே."

"அதான் வம்பு. தேர்தல் வேலைக்குக் கூலி வாங்கினவன் ஓட்டு செல்லாது. சட்டம் அது. உன் ஓட்டுப் போச்சுன்னா ரெண்டு பேரும் சமம், துரையோட பதவி அந்தரத்துல தொங்கும். எதிராளி வக்கீல் ரெண்டு பேரு ஸ்வான் சத்திரத்துல ரூம் போட்டு, பேர் பேரா தோண்டிக்கிட்டு இருக்கானுங்க."

"இத நாற்காலி சொல்ல வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரே ஒரு ஓட்டுல முடியும்னு எவன்யா கண்டான்? இப்ப ரெண்டுல ஒண்ணு. கூலி வேணுமா, ஓட்டு வேணுமா?"

எனோக் கையிலிருந்த பில்லைப் பார்த்தான். எட்டுப் பவுன் பதினைந்து ஷில்லிங் அன்று அவனுக்குச் சின்னக் காசில்லை, மரக்கடைக்கே பாதி கொடுக்க வேண்டும். ஆனால் வாங்கினால், ராட்லி குடும்பத்தில் முதல் முதலாக விழுந்த ஓட்டைக் குமாஸ்தா கோடு போட்டு அடித்துவிடுவார். பில்லை டிப்பெட் மேஜையிலேயே வைத்துவிட்டு, "காத்திருக்கேன்" என்று சொல்லி வந்தான்.

காத்திருப்பது அவனுக்குப் பெரிய காரியமில்லை. பெரிய அடி அதற்குப் பிறகு விழுந்தது. எதிராளி வக்கீல்கள் நாற்காலியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியதும், டிப்பெட் பத்திரிகையில் நாலு வரி போட்டார். ஊர்வல நாற்காலி, எனோக் ராட்லி என்ற தொழிலாளி அன்பின் அடையாளமாக இனாமாய்ச் செய்து கொடுத்தது என்று.

அடுத்த வாரம் ஸ்வான் சத்திரத்தில் வெற்றி விருந்து. வறுத்த மாட்டிறைச்சிக்குப் பின் சர் எவரார்ட் கோப்பையைத் தூக்கினார். ஆள் நல்ல உயரம், பேசும்போது கண்ணில் ஈரம் நிற்கும் சுபாவம்.

"இந்தத் தேர்தல்ல பீருக்கு விலை இருந்துச்சு, கொடிக்கு விலை இருந்துச்சு, என்னைப் பாத்து ‘வாழ்க’ன்னு கத்தின வாய்க்குக்கூட விலை இருந்துச்சு. விலையில்லாம வந்தது ஒண்ணே ஒண்ணுதான். எனோக் ராட்லியோட நாற்காலி!"

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வாசல் பக்கத்து மேஜையில் அந்த இரண்டு வக்கீல்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனோக் எழுந்தான். வாயைத் திறந்தால் ஓட்டு போகும். தலைவணங்கிவிட்டு உட்கார்ந்தான். என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று துரையைப் பற்றி மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே நாத்தன் கோல் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"எனோக்கு, என் மகளுக்குக் கல்யாணம்டா. அன்பின் அடையாளமா ஒரு கட்டில் செஞ்சு குடேன்."

"உன் கடை மாட்டை அன்பின் அடையாளமா எனக்கு ஒண்ணு அனுப்பு, அப்புறம் பாக்கலாம்."

சிரிப்போடு போகவில்லை அது. இனாம் ராட்லி என்று பெயரே விழுந்துவிட்டது. பில் கொடுத்தால், "என்னப்பா, துரைக்கு மட்டுந்தான் இனாமா?" என்பார்கள். வியர்வையைத் தவிர வேறு முதல் இல்லாமல் மேலே வந்தவனை, பெரிய இடத்துக்குக் குழைகிறவன் என்று ஊர் சொன்னது. நானும் வெறுங்கையோடு தொடங்கியவன்தான். அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்துநாலு டிசம்பர் கடைசியில் பார்லிமெண்ட் கலைந்தது. எனோக் டிப்பெட்டிடம் போனான்.

"மூணு வாரத்துல அடுத்த தேர்தல். இப்ப ஓட்டுக்காரன் கையில காசு குடுத்தா லஞ்சம்யா."

"அது முடிஞ்சதும்?"

"அப்ப அந்தத் தேர்தலுக்கான கூலின்னு சொல்வான். கொஞ்சம் ஆறட்டும்."

முப்பத்தேழிலும் அதே பேச்சு. போன தேர்தல் ஆறுவதற்குள் வருகிற தேர்தல் சூடாகிவிடும். நாற்பத்தொன்றில் டிப்பெட் புருவத்தைத் தூக்கி, "எந்த நாற்காலி? என் கணக்குல இனாம்னுதானே இருக்கு" என்றார். எனோக் அதற்கு மேல் போகவில்லை. பில் கொடுத்தால் வியாபாரம், மாளிகை வாசலில் போய் நின்று கேட்டால் பிச்சை என்பது அவன் கணக்கு. ஆனால் அடுத்த நாற்காலி எதையும் அவன் செய்து தரவில்லை. பக்கத்து ஊர்த் தச்சன் செய்த நாற்காலியில் இரண்டாவது சுற்றிலேயே கழி முறிந்து, துரை மீன்காரியின் கூடையில் போய் உட்கார்ந்தார். அன்றிரவு எனோக் ஒரு தட்டு பன்றிக்கறி கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. தெருவில் எதிரே வந்தால் துரை குதிரையை நிறுத்தித் தொப்பியைத் தூக்குவார், ஒரு தச்சனுக்கு. டாமரிஸ் கேட்டாள்: "கடன்காரன் தொப்பியைத் தூக்குவானா? சந்து பாத்துல்ல திரும்புவான்?"

நாற்பத்தாறு வந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி ஜனம் செத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலும் ரொட்டி விலை ஏறி, கூலிக்காரன் பிள்ளைகள் கோசுக்கிழங்கை வேகவைத்துத் தின்றன. வெளிநாட்டுக் கோதுமைக்கு வரி இருந்தவரை நிலக்காரனுக்குக் கொண்டாட்டம். அந்த வரியை எடுக்க வேண்டுமா என்று பார்லிமெண்டில் கேட்டபோது, நாலாயிரம் ஏக்கர் கோதுமை வைத்திருந்த சர் எவரார்ட் எழுந்து, எடுக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டார். தன் குத்தகை வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டார். விவசாயிகள் அவரை வைக்கோலில் செய்து சந்தையில் கொளுத்தினார்கள்.

அடுத்த வருஷம் தேர்தலில் விவசாயிகள் கேப்டன் ஃபென் என்பவரை எதிரே நிறுத்தினார்கள். அவருடைய காரியக்காரர் ஒரு மாலை எனோக் வீட்டுக்கு வந்தார். பதினெட்டுப் பவுனை மேஜையில் வைத்தார்.

"பழைய பாக்கி எட்டே முக்கா, மீதி உங்க பொறுமைக்கு. மேடையில ஏறி, அந்த நாற்காலி இனாம் இல்ல, துரை ஏமாத்திட்டாருன்னு சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. உண்மையத்தான் சொல்லச் சொல்றோம்."

உண்மைதான். அதனால்தான் எனோக் கணக்குப் பார்த்தான். பதினைந்து வருஷப் பெயர் ஒரு நிமிஷத்தில் கழுவப்பட்டுவிடும். அவன் பட்டறையில் இப்போது பதினோரு பேர். முக்கால்வாசி வேலை விவசாயிகளின் வண்டிகள். துரையோ முழுகுகிற படகு. எல்லாக் கணக்கும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அந்த வருஷம் தன் பதினோரு பேரும் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ரொட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்ததை அவன் பார்த்திருந்தான். எவன் நஷ்டத்தில் அது பெரிதானது என்பதும் தெரியும்.

பணத்தைத் தள்ளினான். வந்தவர் போனதும் டாமரிஸ், "பதினெட்டுப் பவுனுய்யா. உண்மைக்குத்தானே குடுத்தான்?" என்றாள்.

"நாற்காலிக்கு அவன் காசு குடுக்கல, டாமரிஸ். என் வாய்க்குக் குடுக்கறான். செஞ்சத வித்திருக்கேன். இத வித்ததில்ல."

ஓட்டு நாளில் மேடையைச் சுற்றி விவசாயிகள் கம்போடு நின்றார்கள். எனோக் ஏறினான். இந்த முறை கத்தவில்லை, சாதாரணக் குரலில் சொன்னான்: "சர் எவரார்ட் பென்டல்."

நாத்தன் கோல் கீழேயிருந்து, "பாருங்கடா, இனாம் ராட்லி மறுபடியும் இனாம்!" என்று கத்தினான். அழுகின முட்டை ஒன்று பறந்து வந்தது. ஒரு பெரிய விவசாயி வழியை மறித்தான். "என் வண்டி நாலும் நாளைக்கே எடுத்துட்டுப் போயிடுவேன், எனோக்கு."

"சக்கரம் மாட்டல. தூக்கிக்கிட்டுப் போ."

முப்பத்தொரு ஓட்டில் கேப்டன் ஜெயித்தார். மஞ்சள் நாடா சுற்றிய நாற்காலியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். சர் எவரார்ட் பட்டறைக்கு நடந்தே வந்தார். பின்னால் டிப்பெட். துரைக்கு அறுபத்துமூன்று வயது, அன்று எழுபது போல் தெரிந்தார். பட்டறையில் அறுப்புச் சத்தம் நின்றது.

"மிஸ்டர் ராட்லி," என்றார். அதுவரை வெறும் ராட்லிதான். "ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காருங்க துரை." எனோக் மரம் அறுக்கும் முக்காலியைத் தட்டிப் போட்டான்.

"அஞ்சு தேர்தல். பதினோராயிரம் பவுன். நேத்து ராத்திரி வீட்டுல கேட்டாங்க, ‘இத்தனை கொட்டுனீங்களே, ஒருத்தனாவது உங்களப் புடிச்சுப்போய் ஏதாவது குடுத்தானா?’ன்னு. நான் சட்டுன்னு சொன்னேன், ஒருத்தன் குடுத்தான், நாற்காலின்னு. இத்தனை வருஷமா எனக்குச் சோர்வு வரும்போதெல்லாம் அத நெனச்சுக்குவேன், மிஸ்டர் ராட்லி."

எனோக் நிமிர்ந்து டிப்பெட்டைப் பார்த்தான். டிப்பெட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மனுஷன் நடிக்கவே இல்லை. இவருக்குத் தெரியவே தெரியாது.

கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தான். சொன்னால், தோற்றுப்போய் வந்திருக்கிற கிழவரிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்கியது போலாகும். சொல்லாவிட்டால், சாகிறவரை இனாம் ராட்லி. சவப்பெட்டியைக்கூட எவனாவது அவனிடம் இனாமாகக் கேட்பான். பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அந்த இடம் கழி முறிந்த நாற்காலியைவிட மோசம் என்று அவனுக்குப் பட்டது.

"துரை, அந்த நாற்காலி இனாம் இல்ல. எட்டுப் பவுன் பதினஞ்சு ஷில்லிங். இவருகிட்ட பில்லு குடுத்தேன். வாங்கினா என் ஓட்டும் உங்க பதவியும் போயிரும்னாரு. அப்புறம் இனாம்னு இவரே போட்டுட்டாரு."

சர் எவரார்ட் திரும்பி டிப்பெட்டைப் பார்த்தார். டிப்பெட், "பதவியக் காப்பாத்தத்தான் துரை" என்று முனகினார்.

"அப்ப ஒண்ணுமே இல்ல," என்றார் துரை தரையைப் பார்த்து. "ஒருத்தன்கூட இல்ல."

"இருங்க துரை. நாற்காலி என் தொழில். தொழிலுக்குக் காசு வாங்குவேன். பாதிரியார் செத்தாலும் பெட்டிக்குக் காசு வாங்குவேன். நேத்து மேடையில ஏறி உங்க பேரச் சொன்னேன்ல? முட்டை வாங்கினேன். நாலு வண்டி வேலை போச்சு. அதுக்கு நான் பில்லு எழுதல."

துரை தலையைத் தூக்கினார். பிறகு எழுந்து கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு தோல் பையை எடுத்தார். ஜெயித்திருந்தால் மணியடிப்பவர்களுக்கும் நாற்காலி தூக்குபவர்களுக்கும் கொடுக்கக் கட்டி வைத்த பணம் அது.

டிப்பெட் பாய்ந்து வந்தார். "துரை, வேண்டாம்! தேர்தல் முடிஞ்சு பதினாலு நாள் ஆகல. ஓட்டுக்காரன் கையில காசு—"

"தோத்தவன் மேல எவன்யா வழக்குப் போடுவான்?" என்றார் துரை. பதினைந்து வருஷத்தில் அவர் சிரித்து எனோக் பார்த்தது அன்றுதான். "பத்துப் பவுனா வச்சுக்குங்க, மிஸ்டர் ராட்லி. இத்தனை வருஷ வட்டி."

"ஒரு பென்னி கூடுதலா வந்தாலும், நேத்து ஓட்டுக்குன்னு ஊர் சொல்லும். பில்லுல என்ன இருக்கோ அதான்."

எனோக் போய்த் தெருப்பக்கப் பெரிய கதவு இரண்டையும் விரியத் திறந்தான். எதிர்ச் சாரியில் நாத்தன் கோல் கத்தியும் கையுமாகக் கடை வாசலில் நின்றான். பதினோரு ஆட்களும் வேலையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். எனோக் மரத்தூளைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினான்.

வாழ்நாளெல்லாம் காரியக்காரன் கையால் கொடுத்தே பழகியவர் துரை. ஒவ்வொரு நாணயமாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஒன்று, இரண்டு என்று எட்டுத் தங்கப் பவுன். பிறகு வெள்ளி. இரண்டரை ஷில்லிங் நாணயம் ஐந்து. ஒரு ஷில்லிங் நாணயம் இரண்டு. பையை மூடப் போனார்.

"அரை ஷில்லிங், ஆறு பென்னி குறையுது, துரை."

"அப்படியா?" துரை முதலிலிருந்து வெள்ளியை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். குறைந்தது. பையைத் தடவினார், பிறகு உள்சட்டைப் பாக்கெட்டைத் தடவினார். அங்கிருந்து ஒரு ஆறு பென்னி நாணயத்தை எடுத்து, மற்றவற்றின் மேல் எனோக்கின் உள்ளங்கையில் வைத்தார்.